வாளி டீச்சரும் தண்ணி எழுத்தும்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அங்கன்வாடியில் கூடியிருந்தவர்கள்: எட்டு அம்மாக்கள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த இரண்டு அப்பாக்கள், என் அக்கா, நான். முக்கியமான ஒருவர்தான் இல்லை. யாரைக் கேள்வி கேட்கக் கூடினோமோ, அந்த வாளி டீச்சர்.

தமிழ்நாட்டிலேயே பிள்ளைகளிடமிருந்து பென்சிலைப் பிடுங்கி ஒளித்துவைத்த டீச்சர் இவராகத்தான் இருப்பார். மற்ற டீச்சர்கள் பிள்ளை எழுதவில்லை என்றால் திட்டுவார்கள். இவரோ, பிள்ளை எழுதினால் பதறுவார். பென்சில் டப்பா அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும்.

"வெரலே இன்னும் வேகலை தம்பி, அதுக்குள்ள பென்சிலா?" என்பார், ஏதோ விரலை உலையில் போட்டுவிட்டு மூடியைத் திறந்து பார்த்தவர் மாதிரி.

விரல் வேகுவதற்கு அவர் வைத்திருந்த அடுப்புகள் பல. காலையில் வந்ததும் முருங்கைக்கீரை உருவ வேண்டும். அடுத்து கடலை உடைக்க வேண்டும். பிறகு, கொடியில் துண்டு மாட்டுகிற கிளிப்பை அமுக்கி அமுக்கிக் கயிற்றில் வரிசையாக மாட்ட வேண்டும். பதினோரு மணி டவுன் பஸ் ஹாரன் அடித்ததும் வாளி. ஒரு வாளித் தண்ணீர், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பழைய மட்டை, தேய்ந்த பிரஷ்கள். பிள்ளைகள் வெளிச்சுவரைச் சுற்றி வரிசைகட்டி, நின்ற கோடு, படுத்த கோடு, வளைவு, சுழி என்று தண்ணீரால் இழுப்பார்கள். புதுக்கோட்டை வெயில் சும்மா இருக்குமா? இந்த முனையில் முடிப்பதற்குள் அந்த முனை காய்ந்துவிடும். ஒரு வருஷமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு முழுக்க ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா இன்றைக்கும் ரேஷன் கடையில் பெருவிரலை நீட்டுகிறவர். அப்படியிருக்க, அக்கா மகள் யாழினி நாலு வயதில் கீரை உருவினால் மனசு கேட்குமா? நாலு கோடு நோட்டு வாங்கினேன். அவள் கையைப் பிடித்து 'அ' போட்டேன். மூன்று பென்சில் முனை ஒடிந்தது. நாலாவதுக்கு என்னைக் கடித்துவிட்டாள்.

டீச்சரிடம் போய்க் கையை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பல்லு நல்லா பலமா இருக்கு தம்பி. வெரல்தான் இன்னும் ஆகணும்."

அந்த நேரத்தில்தான் அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு நர்சரிப் பள்ளி வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் மூன்று வயசு நோட்டு நோட்டாக எழுதுகிறது என்று பேச்சு. அக்கா கொதித்துவிட்டாள்.

"அங்கிட்டு ஏ பி சி டி எழுதுதுக. எம்புள்ளை கடலை ஒடைக்குது. நாளைக்கு வேலைக்குப் போறப்ப கடலைத் தொலியையா கொண்டுபோய்க் காட்டுவா?"

வெள்ளிக்கிழமை டீச்சரிடம் கேட்பது, சரியான பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றுவது என்று முடிவானது. பிள்ளைகள் போனால் அங்கன்வாடிக்குப் பூட்டு, டீச்சர் எந்த ஊருக்கோ. இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதியவன் நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

டீச்சர் ஏன் இல்லை என்றால், கூட்டத்துக்கு அரை மணி முன்பு ஒரு பொடியன் உடைத்த கடலையை வாயில் போடாமல் மூக்கில் போட்டுவிட்டான். அவனையும் அவன் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் பறந்திருந்தார்.

"பாத்தீங்களா? பென்சிலைக் குடுத்திருந்தா மூக்குக்குள்ள போயிருக்குமா?" என்றார் ஒரு அப்பா.

"ஏன் போகாது? எங்க வீட்டுல போச்சுங்க," என்றார் ஒரு அம்மா.

நான் எழுந்து மனுவை வாசித்தேன். இரண்டாம் பத்தியில் பஸ் ஹாரன் கேட்டது. மூன்றாம் பத்தியில்தான் வெளியே சத்தமே இல்லை என்று உறைத்தது. பதினோரு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் சேதாரம். ஓடினோம்.

அங்கன்வாடி உதவியாளர் உள்ளே சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருக்க, ஹாரன் கேட்டதும் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, மட்டையை எடுத்துவிட்டார்கள். டீச்சர் இல்லாததால் தண்ணீர் வாளி இல்லை. ஆனால் வேப்பமர நிழலில் வேறொரு வாளி இருந்தது. எதிரே இருக்கிற கோயில் சுவருக்குத் திருவிழாப் பட்டை அடிக்க, விழாக் குழு சார்பில் காலையில் நான் கரைத்துவைத்த ஐந்து கிலோ செங்காவி. அங்கன்வாடிச் சுவரோ நாலு நாள் முன்புதான் சுண்ணாம்பு அடித்த பால் வெள்ளை.

"ஐயோ, புதுச் சட்டைடீ!" என்று ஒரு கூச்சல் கிளம்பியது. பிறகுதான் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

வேலிக்கம்பு மாதிரி நேர் நேராகக் கோடுகள். அலை அலையாக வளைவுகள். தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டுகிற வட்டங்கள்.

"இது எம்பய போட்டதுங்க," என்றார் மூக்கு விஷயத்தில் பதில் சொன்ன அம்மா, கோயிலில் பேசுகிற குரலில்.

மூலையில் யாழினி. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு 'ட', ஒரு 'ப' போட்டுவிட்டு மூன்றாவதை இழுத்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை மூன்று விரலால் அழகாகப் பிடித்திருந்தாள். அந்த மூன்று விரலுக்காகத்தான் நான் கடி வாங்கியிருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. மூக்கு காலியான பொடியனோடும் அவன் அம்மாவோடும் டீச்சர் இறங்கினார். சிவந்த சுவர், சிவந்த பிள்ளைகள், என் கையில் மனு.

"யாரும் வாயில வச்சீங்களா? ஆ காட்டு, ஆ காட்டு!" பதினோரு வாயையும் பார்த்து முடித்த பிறகுதான் சுவர் பக்கம் திரும்பினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தார்.

"இவ்வளவு இருக்கா... நானே பாத்ததில்லை தம்பி. இந்தப் புள்ளை போட்டதப் பாத்துட்டு அந்தப் புள்ளைகிட்ட ஓடுறதுக்குள்ள காஞ்சிரும்."

அக்கா, "டேய், அந்தப் பேப்பரைக் குடு," என்று வாங்கி, யாழினியின் கையைத் துடைத்தாள். என் முத்து முத்தான கையெழுத்துக்கு அதுதான் உருப்படியான முதல் உபயோகம்.

திங்கட்கிழமை வேன் வந்தது, இரண்டு ஹாரன் அடித்தது, யாரையும் ஏற்றாமல் போய்விட்டது. சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை, அதனால் அதில் செலவில்லை. கோயிலுக்குத் திரும்ப வாங்கிய ஐந்து கிலோ காவி மட்டும் இருநூற்று ஐம்பது ரூபாய். இந்த வருஷத் திருவிழாவுக்குக் குழுவில் யாரையும் கேட்காமல் பத்துக் கிலோவாக வாங்கினேன். பாதியைக் கரைத்து, மறந்துபோய் விட்டதுபோல அதே வேப்பமர நிழலில், பதினோரு மணி பஸ்ஸுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். ஐந்நூறு ரூபாய்.