கோட்டுக்குள் இரண்டு லிட்டர்

இனிமேல் இந்த மைதானத்துக்குள் ஒரு சொட்டு டீகூட காசு கொடுத்து வாங்கமாட்டேன், இது என் கத்திரிக்கோல் மேல் ஆணை என்று ஒரு சனிக்கிழமை மாலை சபதம் செய்தேன். சாட்சிக்குப் பக்கத்து இருக்கையில் மீட்டர்காரர் இருந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். பத்து வருஷமாக எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, எங்கள் கால்பந்து அணி தோற்பதைப் பார்க்கிறவரும் அவர்தான்.

காரணம் சொல்கிறேன். நான் தையல்காரன். எந்தப் பொருளின் விலையும் எனக்குத் தையல் கூலியில்தான் புரியும். மைதானத்து மதிலுக்கு வெளியே ஒரு டீ என்பது ஒரு சட்டைப் பட்டன். வாசலைத் தாண்டி இருபதடி உள்ளே போனால் அதே டீ, ஒரு பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைக்கிற கூலி. ஆரஞ்சு ஜூஸ் வேண்டுமென்றால் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் மாற்றித் தைக்கிற கூலி. தண்ணீர் பாட்டிலின் விலையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம் என்றாலோ வாசலிலேயே தடவிப் பார்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். அன்றைக்கு நான் வாங்கிய கப்பில் பாதி நுரை. மீதிப் பாதியில் இருந்தது டீதான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

உங்களிடம் மறைப்பானேன்? இந்த அநியாய விலையால் எனக்கு ஒரு லாபமும் இருந்தது.

"ஏங்க, நானும் ஒரு நாள் மேட்சுக்கு வரேனே" என்று என் மனைவி மாதம் தவறாமல் கேட்பாள்.

"தாராளமா வாம்மா. டிக்கெட் ஒரு பெரிய விஷயமா? ஆனா ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு டீ குடிச்சா நாலு பேண்ட்டு போச்சு. யோசிச்சுப் பாரு."

"நான் டீ குடிக்கலைன்னா?"

"நீ குடிக்காம நான் மட்டும் குடிப்பேனா? என்னை என்னன்னு நினைச்சே?"

ஆனால் நிஜமான காரணம் வேறு. கடை கீழே, வீடு மாடியில். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது எல்லாம் அவள்தான். ஆகவே படியேறினாலும் அவள், படியிறங்கினாலும் அவள். காலையிலிருந்து ராத்திரி வரை நான் பேசுகிற மொத்தப் பேச்சும் "சரிம்மா" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் நான் வாய்விட்டுக் கத்த முடிகிற ஒரே இடம் அந்த மைதானம். நடுவரை நான் திட்டுவதை அவள் கேட்டுவிட்டால், இந்த ஆளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா என்று தெரிந்துபோகும். அப்புறம் அந்தக் குரலுக்கும் ஏதாவது வேலை வைத்துவிடுவாள்.

சபதம் செய்தாகிவிட்டது. ஆனால் குளிர்காற்றில் டீ இல்லாமல் உட்கார முடியாதே! ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். திங்கட்கிழமை காலை என் மூளையில் ஒரு கோட்டு உதித்தது.

மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே, வயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு ரகசியப் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும், மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் வெந்நீர்ப் பை. புத்தம் புதியது, ஒன்றுக்கு ஒரு லிட்டர். காலருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் தலையைக் குனிந்தால் டீ. பார்க்கிறவர்கள், அணி தோற்கிற துக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் அணி ஆடுகிற ஆட்டத்துக்கு யாருக்கும் சந்தேகம் வராது.

புதன்கிழமை மனைவி அந்தக் கோட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது, கோட்டா கூடாரமா?"

"ஒரு கஸ்டமர் கேட்டாரு."

"தோள், கை எல்லாம் உங்க அளவா இருக்கே?"

"அவரும் என் சைஸ்தான்."

"வயிறு மட்டும் பத்து இஞ்சு கூட இருக்கு."

"நல்லா சாப்பிடுவாரு போல."

அவள் உள்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "இந்தப் பை வாயில ஒரு பட்டன் வெக்கணும்ங்க. இல்லேன்னா கஸ்டமர் குனியறப்ப டீ கொட்டிடும்."

"டீயா? நான் டீன்னு சொல்லவே இல்லையே!"

"நேத்து சமையல்கட்டுல வெந்நீர்ப் பைக்குள்ள டீயை ஊத்தி மோந்து பார்த்தது யாரு, கஸ்டமரா?"

உண்மையைக் கக்கிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "நல்ல யோசனைங்க" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் யோசனையை அவள் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்படியே உருகிப்போனேன். ரப்பர் வாடை போக சோடா உப்புப் போட்டுக் கழுவச் சொன்னதும் அவள்தான், இஞ்சியைக் கூடத் தட்டிப் போடலாம் என்றதும் அவள்தான்.

"இனிமேதான் டீ செலவே இல்லையே. நானும் வரேன்" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "கோட்டு ஒண்ணுதானேம்மா இருக்கு" என்று இழுத்தேன்.

"எனக்கும் ஒரு நாள் வாய்விட்டுக் கத்தணும்னு இருக்குங்க."

"வீட்டுல கத்தறது பத்தாதா?"

"வீட்டுல உங்களைப் பார்த்துக் கத்தறேன். அது வேலை. இது வேற."

"அடுத்த சீசன் பார்க்கலாம்மா."

"சரி" என்றாள். எங்கள் வீட்டில் அது என்னுடைய வார்த்தை. அவள் வாயிலிருந்து வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சனிக்கிழமை அவளே டீ போட்டாள். அவளே பையில் ஊற்றி, பட்டனைப் போட்டு, என் வயிற்றைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்கு வெளியே ஒரு வேலை இருக்கு. சாவியை நீங்க எடுத்துக்கங்க" என்று சொல்லி எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். நான் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து மைதானம் போய்ச் சேர்ந்தேன்.

ஆண்கள் வரிசையில் சோதிக்கிறவர் என் வயிற்றில் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"என்ன அண்ணே, இப்படிக் கொதிக்குது?"

"காய்ச்சல்."

"வயித்துல மட்டுமா?"

"எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போங்க போங்க என்று தள்ளிவிட்டார். ஜெயித்துவிட்டேன்! இரண்டடி வைத்திருப்பேன்.

"அந்தக் கோட்டுக்காரரை நிறுத்துங்க!"

குரல் பெண்கள் வரிசையிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பழக்கமான குரல். திரும்பினேன். பச்சை நிற மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை, அதற்கு மேலே என் மனைவியின் முகம்.

பெண்களைச் சோதிக்கப் பெண் தேவை என்று மைதான வாசலில் ஒரு மாதமாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு வந்து, "இதுக்கெல்லாம்கூட ஆள் எடுக்கறாங்க பாரு" என்று அவளிடம் சிரித்தவனே நான்தான்.

"அவர்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, காய்ச்சல்" என்றார் சோதிக்கிறவர்.

"உள்பையில ரெண்டு லிட்டர் டீ இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பட்டனைத் தெச்சதே நான்தான்."

வரிசையே சிரித்தது. மீட்டர்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். என் கோட்டைக் கழற்றினார்கள். பிடிபட்டதை வாளியில் கொட்ட வேண்டும் என்பது விதி. கொட்டுவதற்காக மூடியைத் திறந்தார்கள். இஞ்சி மணம் கிளம்பியது.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு மைதான மேனேஜர் வந்தார். ஒரு காலத்தில் இதே அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவர். இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஒரு பேப்பர் கப்பை நீட்டி வாங்கிக் குடித்தார். இன்னொரு கப் குடித்தார். குளிரில் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யார் போட்ட டீ?"

"கோட்டு அவரோடது. டீ என்னோடது" என்றாள் மனைவி.

"நம்ம ஸ்டால்ல ஒரு நாளைக்கு இருநூறு கப் போடறோம்மா. நாப்பதுதான் போகுது. மீதியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டறோம்."

"விலையைப் பாதியாக்குங்க. நான் வந்து போட்டுத் தரேன்."

"பாதியா? கட்டுப்படியாகாதும்மா."

"சாக்கடையில கொட்டறது கட்டுப்படியாகுதா?"

அவர் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் ஆட்டுகிற ஆட்டல்தான் அது. மனுஷர்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

"இன்னொண்ணு. டீ போட்டு முடிச்சு, வாசல் கேட்டையும் மூடினதுக்கப்புறம் நான் முன் பெஞ்சுல உட்கார்ந்து மேட்ச் பார்ப்பேன்."

"பாரும்மா. ஆனா ஸ்டால்ல நின்னு ஊத்திக் குடுக்க ஒரு ஆள் வேணுமே. பாதி விலைக்கு வித்தா சம்பளத்துக்கு எங்கே போறது?"

"ஆள் இருக்குங்க. சம்பளமே வேணாம். டீ குடுத்தா போதும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், "சரிம்மா" என்று வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஸ்டால் பலகையில் பழைய விலையை அடித்துப் பாதியாக எழுதியிருந்தார்கள். வரிசை வளைந்து கழிப்பறை வரைக்கும் போயிற்று. போன வாரம்வரை ஒரு கப்பை வாங்கி மூன்று பேராகக் குடித்த குடும்பம் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சபதம் போட்டு முடிக்காததை அவள் நின்ற இடத்தில் முடித்துவிட்டாள். நானும் காசில்லாமல் ஆறு கப் குடித்துவிட்டேன்.

ஒரே குறை, ஸ்டால் இருப்பது பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில். முன்னால் ஒரு சுவர். அங்கிருந்து புல்லின் ஒரு நுனிகூடத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சத்தத்தில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. "யோவ் நடுவரே! கண்ணை வீட்டுல வெச்சுட்டு வந்தியா?" என் மனைவிதான். பத்தொன்பது வருஷமாக நான் வாங்கிய குரல், முதல் தடவையாக வேறொருவர்மேல் விழுகிறது. கேட்கக் கேட்க எவ்வளவு இனிமை! நடுவில் அவள் சிரிக்கவும் செய்தாள். இவளைப் பத்து வருஷத்துக்கு முன்பே கூட்டி வந்திருக்கலாமே என்று மனதார வருந்தினேன்.

திடீரென்று தலைக்கு மேல் படிக்கட்டு அதிர்ந்தது. கோல்! பதினோரு மேட்சுக்குப் பிறகு எங்கள் அணி கோல் போட்டிருக்கிறது. நான் கெட்டிலோடு துள்ளிக் குதித்து, "யாரு போட்டது? யாரு போட்டது?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வரிசையில் முதல் ஆளாக நின்ற மீட்டர்காரர் கப்பை நீட்டினார். "உங்க வரிசையில நின்னதாலதான் நானும் பார்க்கலை. சத்தம் போடாம சீக்கிரம் ஊத்துங்க, டீக்காரரே."