குண்டு உருண்டால் வீடு வேண்டாம்

"கோணல் இல்லாத வீடு கிடைத்தால் வாங்குவேன். இல்லாவிட்டால் தெருவிலே குடியிருப்பேன்!"

இப்படிச் சபதம் செய்துவிட்டுப் பரிசோதகர் தேநீர்க் கோப்பையை மேசையில் ணங்கென்று வைத்தார். கோப்பை ஆடியது. அந்த வீட்டில் எல்லாக் கோப்பையும் ஆடும். அவர் பீங்கான் ஆலையில் தரப் பரிசோதகர். கோணல் கோப்பைகளைக் கண்டுபிடித்துக் கழித்துப் போடுவதுதான் வேலை. கழித்ததை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

"தெருவும் மழைத்தண்ணி ஓட ஒரு பக்கம் சாய்ஞ்சுதாங்க இருக்கும்" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

அவள் தையல்காரி. அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் கிடந்தது. யாராவது குளிக்கப் போனால் அவள் எழுந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வழிவிட வேண்டும். பட்டப்பகலிலும் அங்கே விளக்கு எரிய வேண்டும். புது வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். வீட்டுச் சொந்தக்காரரும் காலி செய்யச் சொல்லிக் கெடு வைத்திருந்தார்.

பரிசோதகர் கேட்டதும் ஒன்றே ஒன்று. அதற்காகச் சட்டைப் பையில் பச்சைக் கோடு போட்ட பழைய கோலிக்குண்டு ஒன்றை வைத்திருந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரைப் பார்க்க மாட்டார், கூரையைப் பார்க்க மாட்டார். நேராகக் கூடத்தின் நடுவில் குந்துவார். குண்டைத் தரையில் வைத்துக் கையை எடுப்பார். குண்டு உருளும். "வேண்டாம்!" என்று எழுந்துவிடுவார்.

வீடு காட்டிய தரகர் பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

"சார், கழுவி விட்டா தண்ணி வடியணும்னு லேசா சரிவு குடுப்பாங்க சார்."

"கூடத்துல எதுக்குய்யா தண்ணி வடியணும்? கூடத்துலயா நான் குளிக்கப் போறேன்?"

"ஊர்ல இருக்கிற எல்லாத் தரையும் இப்படித்தான் சார்."

"அப்படின்னா ஊர்ல இருக்கிற எல்லாக் கொத்தனாரும் திருடன்!"

பக்கத்துக் கட்டடத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்த கொத்தனார் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். தரகர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கடைசியாகப் பார்த்த வீட்டில் உள்ளறை ஒன்றில் பெரிய ஜன்னல் இருந்தது. காலை வெயில் அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். கூடத்தில் குண்டு நிதானமாக உருண்டு சுவரில் 'டக்' என்றது.

"வேண்டாம்! ஏய், கிளம்பு!"

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். "ஒரு மெஷின் போட இதைவிட நல்ல இடம் கிடைக்காதுங்க."

"உருளுது, பார்த்தியா இல்லையா?"

"நாம என்ன உருண்டையாவா இருக்கோம், உருண்டு போக?"

"என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சா!" என்று கத்தினார். அவள் ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே நடந்தாள். பயந்துவிட்டாள் என்று பரிசோதகர் நினைத்துக்கொண்டார். பாவம், கோப்பையைப் படிக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு மனைவியின் முகத்தைப் படிக்கத் தெரியாது.

மறுநாள் காலை சட்டைப் பையில் குண்டு இல்லை. வீடே அதிர்ந்தது.

"என் குண்டு எங்கே? யார் எடுத்தது?"

"துவைக்கப் போட்ட சட்டையில இருந்திருக்கும். தேடி வைக்கிறேன், வேலைக்குப் போயிட்டு வாங்க."

சாயங்காலம் குண்டு மேசைமேல் இருந்தது. "சோப்புத் தண்ணிக்குள்ள கிடந்துச்சு" என்றாள். வெடுக்கென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், அந்த ஜன்னல் வீட்டை வேற ஒருத்தர் கேக்கிறார்."

"கேக்கட்டும். கோணல் வீட்ல கோணல் ஆள் இருக்கட்டும்."

"அவர்கிட்ட உங்க சோதனையைச் சொன்னேன் சார். தரையெல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க சாருக்குக் குண்டு வைக்கத் தெரியலைன்னுட்டார்."

பரிசோதகரின் காது சிவந்தது. மீசை துடித்தது.

"எனக்கா? எனக்கா குண்டு வைக்கத் தெரியாது? எடுய்யா வண்டியை!"

மனைவியும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஜன்னல் வீட்டின் கூடத்தில் பரிசோதகர் குந்தினார். கோபத்தோடு குண்டை வைத்தார். கையை எடுத்தார்.

குண்டு அசையவில்லை.

நகர்ந்து போய் இன்னோரிடத்தில் வைத்தார். அசையவில்லை. மூலையில் வைத்தார். அப்பளம் மாதிரி உட்கார்ந்தது. தரகர் கூரையைப் பார்த்தார்.

"அப்படின்னா அன்னிக்கு சார்தான் தப்பா வச்சுட்டீங்களோ..."

"நானா?" பரிசோதகர் துள்ளி எழுந்தார். "இவ! நான் வைக்கிறப்போ இவ திம்மு திம்முன்னு நடந்தா. தரை அதிர்ந்துடுச்சு!"

"ஆமாங்க" என்றாள் மனைவி தலையைக் குனிந்துகொண்டு. "என் நடைதாங்க தப்பு."

"கேட்டியாய்யா? இந்த வீடு எனக்குத்தான். குண்டு வைக்கத் தெரியலைன்னு சொன்னானே, அவன்கிட்ட போய்ச் சொல்லு!"

வீடு வாங்கியாயிற்று. குடிபுகுந்த அன்று காலை பரிசோதகர் கூடத்தில் நாற்காலி போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். ஜன்னல் அறையில் மெஷின் கடகடவென்று ஓடியது. வெற்றியை இன்னொரு முறை பார்த்து ரசிக்கலாம் என்று குண்டைத் தரையில் வைத்தார். அசையவில்லை. பூரிப்பில் கையை வீசினார். முழங்கை பட்டுத் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.

தண்ணீர் கிளம்பியது. கூடத்தின் குறுக்கே ஒரு சின்ன ஆறாக ஓடியது. குண்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் குளமாகத் தேங்கியது. அவருடைய செருப்பு ஒன்று மிதந்தது.

குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பரிசோதகர் அதை எடுத்து விரலால் தடவினார். ஆலையில் கோப்பையைத் தடவுவதுபோல நிதானமாகத் தடவினார். சுற்றிலும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாதபடி, பொடிப் பொடியாகப் பட்டை தீட்டியிருந்தது.

"ஏய்!" ஜன்னல் கதவு அதிர்ந்தது. "இது உருண்டையே இல்லை! யார் வேலை?"

"மூக்குக் கண்ணாடி தேய்க்கிற கடையில குடுத்தேங்க. நம்ம புரோக்கரோட மச்சான் கடைதான். சமமான தரைதான் ஊர்லயே இல்லையே, அதான் குண்டைச் சமமாக்கிட்டேன்."

"மோசடி! தரை சாயுது! உன் மெஷினும் சாயும்!"

"சாய்ஞ்சுது. அதோட ஒரு கால் அடியில துணியை மடிச்சு வச்சேன். நின்னுடுச்சு."

"கோணல் குண்டைக் குடுத்து என்னை ஏமாத்திட்டியே! என்னை!"

மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் நூல் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"இத்தனை நாளா உங்க பையிலதானேங்க இருந்துச்சு? நீங்கதானே பார்த்து பாஸ் பண்ணீங்க?"