நகராட்சிக்குச் சொந்தமான கண்

சான் பந்தலேயோன் நகராட்சியில் எந்தச் சுவர் எழும்பினாலும், அது நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது கட்டட ஆய்வாளர் எவரார்தோவின் பொறுப்பு. நூலில் தொங்கவிட்டு நேர் பார்க்கும் அலுவலகத்துத் தூக்குக்குண்டை யாரோ மீன் பிடிக்க எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, "மறு உத்தரவு வரும்வரை ஆய்வாளரின் கண்ணே அளவுகோலாகக் கருதப்படும்" என்று நகர்மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. மறு உத்தரவு வரவில்லை. எவரார்தோ யாரிடமும் கை நீட்டாத மனிதர். காலையில் சர்க்கரை தூவிய ரொட்டி, மதியம் பெரிய பாட்டில் கோலா, இவை தவிர வேறு கெட்ட பழக்கமும் கிடையாது.

ஒரு நாள் சீரிலோ கொத்தனார் கட்டிய சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, நடுவுல தொப்பை போட்டிருக்கு?"

"ரசமட்டம் வச்சுப் பாத்துதான் கட்டினேன், இஞ்சினியர் ஐயா. நீங்களே வச்சுப் பாருங்க."

"ரசமட்டம் என்ன நகராட்சி ஊழியரா? இடிச்சுட்டுக் கட்டு!"

இடித்து இடித்து வெறுத்துப்போன சீரிலோ, தொப்பை என்று சொன்ன இடத்தைக் குழித்துக் கட்டிவிட்டார். "இதுதான்யா சுவர்!" என்று எவரார்தோ அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊரில் எல்லாக் கொத்தனார்களும் கோணலாகக் கட்டப் பழகிக்கொண்டார்கள். தலைநகரிலிருந்து வந்த கட்டடக்கலை நிபுணர் ஒருவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சுற்றிப் பார்த்துவிட்டு, "நேர்கோட்டின் சர்வாதிகாரத்துக்கு விழுந்த அடி" என்று பத்திரிகையில் எழுதினார். அப்புறம் கேட்கவா வேண்டும்! நேரான வீட்டில் குடியிருந்தவர்கள் விருந்தாளிகளை அழைக்கக் கூசினார்கள். வசதி உள்ளவர்கள் இருந்த சுவரையும் இடித்து வளைத்துக்கொண்டார்கள்.

எவரார்தோவின் மனைவி ஒப்துலியாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"ஏங்க, என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்களேன்."

"பாத்துட்டுதான் இருக்கேன். மூக்குதான் காணோம்."

அம்மாள் அப்படியே அவரைக் கண் டாக்டர் நயேலியிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்தார். கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி, கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று கேட்டார்.

"யாரு வரைஞ்சது? இடிக்கச் சொல்லணும்" என்றார் எவரார்தோ.

கருவியில் முகவாயை வைக்கச் சொல்லி விழித்திரையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார். "சர்க்கரையால உள்ள இருக்கற ரத்தக்குழாய் கசியுது. விழித்திரை நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்கு. அதான் நேர்கோடு வளையுது. மாசாமாசம் ஊசி போடணும். கோலாவை விட்டுடணும்."

"ஊசி கையிலதானே?"

"கண்ணுல. வீக்கம் அங்கதானே இருக்கு?"

"போடலேன்னா?"

"நடுப்பார்வை போயிடும். அப்புறம் உங்க வீட்டம்மா மூக்கை நீங்க பாக்கவே முடியாது."

மரத்துப்போக மருந்து விட்டு, இமையை விரித்துப் பிடித்து, கண் வெள்ளையில் ஊசியை இறக்கினார்கள். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. சில மாதங்களில் ஒப்துலியாவின் மூக்கு திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தெருவுக்கு வந்தவர், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். தெரு முழுக்கத் தன் கையெழுத்து நெளிந்துகொண்டு நின்றது. வெட்கத்தில் அழுகை வந்தது.

நேராக நகராட்சித் தலைவர் எலியோதோரோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் இடி விழுந்தது போல எழுந்து நின்றார்.

"கண்ணை யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"மாத்தலீங்க. வைத்தியம் பாத்தேன்."

"அது நகராட்சி அளவுகோல், தெரியுமில்ல? அனுமதி இல்லாம திருத்தினா குத்தம்! அந்தக் கோணல் சுவரைப் பாக்கத்தான்யா ஊருக்கு ஆள் வருது. கண்ணை மரியாதையா பழையபடி ஒப்படைங்க. இல்லே, வேலையை விட்டுட்டுப் போங்க."

வேலை போனால் நகராட்சிக் காப்பீடு போகும், காப்பீடு போனால் ஊசி போகும். வேலையில் இருந்தால் கண் இருக்கக் கூடாது. வேலை போய்விட்டால் கண் தானாகப் போய்விடும். நிர்வாகம் எதையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த ஊசிக்குப் போனபோது எவரார்தோ டாக்டரிடம் கெஞ்சினார்.

"இதுதான் சரியான கண்ணுன்னு தலைவர்கிட்ட காட்ட ஒரு சான்று குடுங்கம்மா."

"குடுக்கலாம். ஆனா எங்க புதுக் கட்டடத்துக்கு நீங்க இன்னும் சான்று தரலியே?"

எவரார்தோ ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அம்மா, அந்தச் சுவர் சாயுது."

"தெரியும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், நீங்க யோக்கியர். ஊசியைக் கொஞ்ச மாசம் நிறுத்தி வைப்போம். வீக்கம் திரும்பி வரட்டும், சுவர் நேராத் தெரியும். அப்ப வந்து பாத்துச் சான்று குடுங்க, மனசாட்சி உறுத்தாது. அப்புறம் ஊசியைத் தொடரலாம்."

"போன பார்வை திரும்பி வருமா?"

"உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர், தொழில் நேர்மையோடு.

வெளியே அந்தச் சுவரின் நிழலில், கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. எவரார்தோவுக்கு ஒவ்வொரு முகமும் மூக்கும் முழியுமாகத் தெரிந்தது. அவர்கள் தலைக்கு மேலே பிதுங்கிய செங்கல்லும் தெரிந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை அகலத் திறந்தார்.

"சுவர் நேராத்தான் இருக்கு. நீங்க ஊசியைப் போடுங்கம்மா."