ஓஸெல் மாமா போட்ட நாற்பது கஜக் கோடு

ஏப்ரல் 2, புதன்கிழமை (தொடங்கிய நாள்)

மாட்சிமை பொருந்திய என் மருமகன் வெர்னெலுக்கு, உன் தாய்மாமன் ஓஸெல் கேதர், ஆற்றங்கரை வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து, யாரையும் எழுதச் சொல்லாமல் தன் சொந்தக் கையால் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மா லூவெனியாவும் சுகம். நீயும், உன் பிள்ளைகளும், நீ ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸும் அதே சுகத்தோடு இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதுவரை எழுதியதற்குள் ஒரு கோப்பை காபி ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆறிய காபியையும் சந்தோஷமாகக் குடிக்கிற நாட்கள் இவை.

ஆமாம் வெர்னெல், உன் மாமன் எழுபத்து மூன்று வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். போன செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் வகுப்பு. நடத்துகிறவர் மிஸஸ் க்ரம், முன்பு தபால் நிலையத்தில் இருந்தாரே, அவர்தான். இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். உப்பு டப்பாவைப் படிக்கிறேன், கல்லறைகளைப் படிக்கிறேன். நாற்பது வருடமாக நான் முழங்காலுக்குத் தேய்த்துவரும் தைலப் புட்டியைப் போன மாதம் படித்தேன். 'குதிரைகளுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. நன்றாகத்தான் கேட்கிறது என்பதால் நிறுத்தவில்லை. ஆனால் இந்தக் கடிதம் தைலத்தைப் பற்றியது அல்ல. உனக்கு நான் செய்த ஒரு பெரிய தீங்கைப் பற்றியது. படிக்கத் தெரியாமல் செய்தது, படிக்கத் தெரிந்ததும் கண்டுபிடித்தது. உட்கார்ந்து படி. பஸ்ஸில் உட்கார்ந்து படிக்காதே.

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் முப்பத்தொரு வருடமாக நான்தான் கோடு போடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு எழுத்துத்தான் தெரியாதே தவிர எண் தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் எனக்குத் தொண்ணூற்றொன்பது வரைதான் தெரியும். ஏனென்றால் விளையாடுகிற பிள்ளைகளின் சட்டை முதுகில் அதற்கு மேல் எண் கிடையாது. நாற்பது கஜம் என்றால் அளவு நாடாவில் நூற்று இருபது அடி. அந்த இடத்துக்குப் போனால் எனக்கு எல்லாம் இருட்டு. ஆகவே நாடாவைத் தொடவே மாட்டேன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த மிஸ்டர் பிளெட்ஸோ, போகும்போது, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு கொடுத்துவிட்டுப் போனார். "ஓஸெல், முடிச்சுக்கு முடிச்சு நாப்பது கஜம். இத வச்சுப் போட்டா ஆண்டவரே வந்து அளந்தாலும் சரியா இருக்கும்" என்றார். மார்ச் மாதம் ஆற்று ஈரத்தில் புல்வெளி சேறாகிவிடுவதால், தொழில்முறை அணிகளுக்கு ஆள் பார்க்க வரும் தேர்வாளர்கள் முன்னால் ஓட வேண்டிய நாற்பது கஜத்தைப் பிள்ளைகள் பக்கத்து ரப்பர் பாதையில்தான் ஓடுவார்கள். அங்கே புறப்படும் கோடும் முடியும் கோடும் அந்தக் கயிற்றால் நான் போட்டவை.

இந்த வருடம் பிப்ரவரி கடைசியில், நூறு தாண்டி எண் படிக்கக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில், கொட்டகைக் கதவைக் கட்டி வைத்திருந்த பழைய இரும்பு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் என் கோட்டை அளந்தேன். சும்மா, படித்துப் பார்க்கும் ஆசைதான். நூற்று இருபது வந்தது, கோடு வரவில்லை. நூற்று இருபத்து மூன்றில் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று முறை அளந்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு முறை. மூன்று அடி. ஒரு முழுக் கஜம். வெர்னெல், அத்தனை வருடமும் நம் கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது கஜம் ஓடவில்லை, நாற்பத்தொன்று ஓடியிருக்கிறார்கள்.

மற்றவர்களைப் பிறகு நினைத்தேன். முதலில் நீதான் வந்து நின்றாய். இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம், காற்று, உன் அம்மா வாங்கிக் கொடுத்த வெள்ளைக் காலணி. அந்தப் பருவத்தில் உன் கைக்கு வந்த ஒரு பந்தைக்கூட நீ நழுவ விட்டதில்லை. தேர்வாளர்கள் உன் உள்ளங்கையை அளந்து தலையசைத்தார்கள். உன் குதிப்பை அளந்து தலையசைத்தார்கள். பிறகு நீ ஓடினாய். 4.72 விநாடி. மறுபடி ஓடினாய். 4.73. குறிப்புப் புத்தகங்கள் மூடிக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தகர பெஞ்சில் குனிந்து உட்கார்ந்தபடி நீ என்னைப் பார்த்து, "மாமா, கோடு சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டாய். நான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். "கோட்டக் குத்தம் சொல்லாத. காலக் குத்தம் சொல்லு" என்றேன். ஏப்ரலில் முப்பத்திரண்டு தொழில்முறை அணிகளும் ஏழு சுற்று ஆள் எடுத்தார்கள், உன் பெயரைக் கூப்பிடவில்லை. அந்த ஜூலையில் குடும்பம் கூடியபோது உன் சித்தி உனக்கு 'வெல்லப்பாகு' என்று பெயர் வைத்தாள். மெதுவாக வழிகிறதாம். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசியதெல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்தும், சாவுச் செய்தியும்தான்.

ஒரு கஜம் என்றால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கழித்துப் பார்த்தேன். நீ 4.62. அந்த வேகத்துக்கும் உன் கைக்கும் ஏதாவது ஓர் அணி ஆறாவது சுற்றிலாவது உன்னைக் கூப்பிட்டிருக்கும். உன் வாழ்க்கையிலிருந்து மூன்று அடியை எடுத்து ஓடுபாதையில் பூசியவன் நான்.

யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னால், இத்தனை வருடம் நாடா படிக்கத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே விடிந்ததும் போய்ப் பழைய கோட்டைக் கறுப்பு வண்ணத்தால் அழித்துவிட்டு, புறப்படும் கோட்டுப் பக்கமாக ஒரு கஜம் தள்ளிப் புதுக் கோடு போட்டேன். இனி ஒரு பிள்ளைக்கும் அந்தத் தீங்கு நடக்கக் கூடாது, குறிப்பாக ட்ரெமெய்னுக்கு. ட்ரெமெய்ன் ஹாக்கின்ஸை நீ பார்த்ததில்லை. நம் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு மைதானத்தில் அடையாளத்துக்கு வைக்கும் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கி வைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள்.

மார்ச் பதினெட்டாம் தேதி ஏழு தேர்வாளர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் மூத்தவர் மிஸ்டர் ஹால்வர்சன், பச்சைத் தொப்பி, உன் காலத்திலும் வந்தவர்தான். ட்ரெமெய்னை அரைக்கால் சட்டையோடு நிறுத்தி உயரம், எடை, கைநீளம், விரித்த உள்ளங்கை என்று அளந்து உரக்கச் சொன்னார்கள், ஒருவர் எழுதினார். என் பக்கத்தில் நின்ற உன் அம்மா, "பல்ல மட்டும்தான் இன்னும் பாக்கல. நம்ம தாத்தாவோட தாத்தாவையும் அடிமைச் சந்தையில இப்படித்தான் நிறுத்தி வச்சுப் பாத்தாங்க" என்றாள். "அவரு தானா போய் நிக்கல லூவெனியா. இவன் நிக்கிறான், புது ஷூ போட்டுக்கிட்டு" என்றேன். என் பதிலை நானே அவ்வளவாக நம்பவில்லை.

மிஸ்டர் ஹால்வர்சன் கூம்பு அடுக்குகிற என்னிடம் வந்தார். "பெரியவரே, கோச்சுங்க எல்லாரையும் தங்கம்னுதான் சொல்வாங்க. நீங்க சொல்லுங்க, யாரும் பாக்காதப்போ இவன் எப்படி?"

"கூம்பு எடுத்து வைப்பான்."

"அவ்வளவுதானா?"

"நாலு வருஷமா தினம் எடுத்து வைக்கிறான்."

அதை எழுதிக்கொண்டார். பிறகு, "இந்தக் கோட்ட யார் அளந்தது?" என்று கோச் ரட்லெட்ஜைக் கேட்டார். கோச் நெஞ்சை நிமிர்த்தி, "மிஸ்டர் ஓஸெல் போட்ட கோடு. சந்தேகமிருந்தா வேதப் புத்தகத்தையும் சந்தேகப்படுங்க" என்றார். ட்ரெமெய்ன் ஓடினான். மிஸ்டர் ஹால்வர்சன் தன் கடிகாரத்தைப் பார்த்தார், குலுக்கினார், காதருகில் வைத்துக் கேட்டார், பக்கத்து ஆளின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். 4.37. ஏழும் ஏறக்குறைய அதையே சொல்லின. மூன்றாம் சுற்றிலேயே போய்விடுவான் என்று பேசிக்கொண்டார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். பாதி அழுகை அவனுக்கு, பாதி உனக்கு.

ஆகவே மருமகனே, இந்த வாக்கியத்தை மிஸஸ் க்ரம் திருத்தாமல் நானே எழுதுகிறேன்: கோடு தவறு, தவறு என்னுடையது, அதை அறியாமல் உங்கள் நேரத்தையும் நம்பிக்கையையும் கெடுத்தேன், மன்னிக்க வேண்டும். உன்னிடம் 'உங்கள்' என்று எழுதியதற்குக் காரணம், அது பெரிய வாக்கியம் என்பதால். வருகிற ஜூலையில் யாரும் உன்னை வெல்லப்பாகு என்று கூப்பிடக் கூடாது என்று லூவெனியா வழியாக உத்தரவு போட்டிருக்கிறேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும், பிரேக்கையும் டயரையும் காப்பாராக.

இப்படிக்கு, வெட்கத்தோடு,
உன் மாமன் ஓஸெல் கேதர்
(ஏப்ரல் 10, முடித்த நாள்)

பி.கு.: ஏப்ரல் 18. மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவதே நியாயம். ஆனால் அது ஒன்பது நாள் உழைப்பு, அதில் இரண்டு பக்கத்தில் பிழையே இல்லை. ஆகவே அது அப்படியே இருக்கட்டும், இதையும் படி.

கடிதத்தை உறையில் போடும் முன், என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அளவு நாடாவை மிஸஸ் க்ரம்மிடம் கொண்டுபோனேன். அவர் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மிஸ்டர் கேதர், இதுல ஒண்ணு எங்க?"

"எந்த ஒண்ணு?"

"ஒண்ணு, ரெண்டு. இது மூணுலயில்ல ஆரம்பிக்குது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளம் வந்த வருடம் நாடாவின் முனை துருப்பிடித்துக் கையைக் கிழித்தது. தகரம் வெட்டும் கத்தரியால் மூன்று அடியை நானே வெட்டி எறிந்தேன். கதவு கட்டும் நாடாவுக்கு எண் எதற்கு? இப்போது கடைசி எண்ணைப் பெருமையாகப் படித்தவன், முதல் எண்ணைப் பார்க்கவே இல்லை. மிஸஸ் க்ரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "நான் எப்பவும் என்ன சொல்வேன்? முதல் பக்கத்துலேருந்து படிக்கணும்னு" என்றார். அதாவது வெர்னெல், கயிறு சரி. பழைய கோடு சரி. புதுக் கோடுதான் முப்பத்தொன்பது கஜம்.

நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ட்ரெமெய்ன் மூன்றாம் சுற்றில் போவான். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே மூடிக்கொண்டிருந்தேன். காலையில் அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் கூம்பு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "நானே யோசிச்சேன் மிஸ்டர் ஓஸெல், நான் எப்பவும் 4.48தான ஓடுவேன், இது எங்கேருந்து வந்துச்சுன்னு." பிறகு, "பழைய கோட்டப் போடுங்க. மறுபடி ஓடறேன்" என்றான்.

ஏழு தேர்வாளர்களுக்கும் ஏழு கடிதம் எழுதினேன். புதிதாக எழுத நேரமில்லை. மேலே உனக்கு எழுதிய மன்னிப்பு வாக்கியத்தையே ஏழு முறை நகல் எடுத்தேன். 'உங்கள்' என்று முன்யோசனையோடு எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆறு பேர் பதில் போடவில்லை. மிஸ்டர் ஹால்வர்சன் நேற்று வந்தார், தன் சொந்த நாடாவோடு. என் கயிற்றின் மேல் அதை நீட்டினார். நூற்று இருபது அடி, ஒரு விரற்கடை கூடவில்லை, குறையவில்லை. ட்ரெமெய்ன் ஓடினான். 4.48. "மூணாவது சுத்து போச்சு. ஆறாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் அவர். ட்ரெமெய்ன் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆறாவது சுத்துல எடுத்தாலும் அதே அணித் தொப்பிதான சார் தலையில வைப்பாங்க?" என்றான். கிழவர் சிரித்துவிட்டார். கிளம்பும்போது புத்தகத்தைத் திறந்து, கூம்பு என்று எழுதியிருந்த வரியின் கீழே கோடு போட்டார். நான் இப்போது தூரத்திலிருந்தும் படிப்பேன். ஆள் எடுப்பது வருகிற வாரம்.

இனி உன் விஷயம். நீ ஓடியது நாற்பது கஜம்தான். 4.72 உன்னுடைய 4.72தான். கோட்டுக்காகக் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அது ஏற்கெனவே ஏழு பேருக்குப் போய்விட்டது. ஆனால் அன்று தகர பெஞ்சில் நீ கேட்டபோது கோடு சரியா என்று எனக்கு உண்மையில் தெரியாது. நாடாவைக் கொண்டு வா, அளந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாது, நீ படித்துச் சொல் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல முடியாமல்தான் உன் காலைத் திட்டினேன். அதற்கான மன்னிப்பு வேறு. அதற்கு நகல் கிடையாது. அதை நீ வைத்துக்கொள்.

ஜூலை உத்தரவு ரத்து. உன்னை வெல்லப்பாகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நீ தனியாக இருக்க மாட்டாய். உன் அம்மா எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டாள். ஊர் முழுக்கப் பரவிவிட்டது, நேற்று போதகரே கூப்பிட்டார். அவசியம் வா. கொட்டகையில் கயிறு இருக்கிறது, நாடாவும் இருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து அளப்போம், இந்த முறை நான் படிக்கிறேன்.

மூணடி ஓஸெல்