நூஸ் பாயும் ஒரு பை தேயும்

சிங்கப்பூரில் என் ரத்த அழுத்தத்தை ஏற்றிய மனிதர்களில் முதலிடம் நூஸ் பாய்க்குத்தான். லிட்டில் இந்தியாவில் தே, அதாவது நம்ம ஊர் டீ, கலக்கும் கடைக்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

பிளாஸ்டிக் பையில் தே ஊற்றி, ராஃபியா கயிற்றால் வாயைக் கட்டி, பிடித்துத் தூக்க ஒரு வளையமும் விடுவார். அதோடு கொடுத்துத் தொலைக்கக் கூடாதா? மாட்டார். வளையத்தை ஆட்டிக் காட்டி, "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்பார். "நூஸ்!" என்று பதிலையும் அவரே சொல்வார்; அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். எல்லாருக்கும் வேலைக்குப் போகிற நேரம். அநியாயம்!

ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "நூஸ்னா தூக்குக் கயிறுதானே பாய்?" என்றுவிட்டேன். போச்சு! கலக்கிய தேயை அப்படியே வைத்துவிட்டு, பால் டின்களின் மேலிருந்த அகராதியை எடுத்தார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க! சுருக்கு முடிச்சு போட்ட வளையம், இழுத்தா இறுகும். அவ்வளவுதான்லா நூஸ்! லத்தீன்ல நோடுஸ்னா முடிச்சு. பிரெஞ்சு வழியா வந்திருக்கலாம்னு போட்டிருக்கான். மாடு பிடிக்கிற கயிறும் நூஸ்தான், உங்க தே கயிறும் நூஸ்தான். நல்ல சொல்லைக் கொண்டுபோய்த் தூக்குமேடையில நிறுத்திட்டீங்களே!"

அதற்குள் என் தே ஆறிவிட்டது. வேறு கேட்டால், "வரிசையில வாங்க" என்கிறார்!

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. எட்டு மாதமாக வேலையில்லாத எனக்குச் சாங்கியில் ஒரு சரக்குக் கம்பெனியில் நேர்முகம். வெள்ளைச் சட்டை, டை எல்லாம் மாட்டியிருந்தேன். இதையும் விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. பாய் வளையத்தை ஆட்ட ஆரம்பித்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னிக்கு விடுங்க பாய், இண்டர்வியூ லா!" என்று பையைப் பிடுங்கினேன். முடிச்சு இன்னும் இறுகவில்லை. தே முழுவதும் என் சட்டையில்.

"இறுகறதுக்குள்ள யாராச்சும் பிடுங்குவாங்களா? மூளை இருக்கா?" என்று அவர் கத்தினார்.

"உங்க அகராதியால என் வேலை போச்சு!" என்று நானும் கத்தினேன். வரிசையே வேடிக்கை பார்த்தது.

பாய் விறுவிறுவென்று உள்ளே போய், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். மாட்டிக்கொண்டேன். டையை அவரே கட்டிக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "இதுவும் நூஸ்தான் தம்பி. ஓடுங்க!" அப்போதும் விடவில்லை மனிதர்.

வேலை அன்றே கிடைத்தது. மாலையில் சட்டையைத் திருப்பித் தரப் போனபோது பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அது வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு வைத்திருந்த சட்டையாம். பாய் கறை பட்ட டீ-ஷர்ட்டோடு தொழப் போனாராம். ஏன் சொல்லவில்லை என்று பாயிடம் கேட்டதற்கு என்னையே முறைத்தார்.

இப்போது என் அலுவலகத்தில் தே இலவசம். ஆனாலும் தினமும் லிட்டில் இந்தியாவில் இறங்கி அந்த வரிசையில் நிற்கிறேன். என் முறை வந்ததும் நானே கேட்டுவிடுகிறேன்: "பாய், நூஸ்னா தூக்குக் கயிறுதானே?"