தெற்கு ஜன்னலும் இலவச விறகும்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் தெத்சுரோ அவர்களுக்கு,

கூரை ஓரத்தில் பனிக்கட்டி கத்தி கத்தியாகத் தொங்கும் இந்த ஜனவரியில், நீங்களும் உங்கள் மனைவியும் கவாகுச்சி நகரத்து அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில் சளி இருமல் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாகானோ மலையடிவாரத்தில் நான் சௌக்கியம். மிகவும் சௌக்கியம். உங்கள் அக்கா மிட்சுயோவின் நலத்தை மட்டும் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். என்னோடு வாழ வேண்டியவள் மூன்று வாரமாக உங்கள் வீட்டுக் கூடத்தில் அல்லவா இருக்கிறாள்.

உங்கள் புத்தாண்டு அட்டை கிடைத்தது. வாழ்த்துக்குக் கீழே, "அத்தான், விறகுக் கணப்பு வைத்தால் குளிர்காலச் செலவு உண்மையிலேயே மிச்சமாகுமா?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கையெழுத்து உங்களுடையது, குரல் உங்கள் அக்காவுடையது. இப்போதும் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இதை அவள் படித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். என் பதில்: மிச்சமாகும். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

டோக்கியோ பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இந்த மலையில் வீடு வாங்கி வருகிற ஆண்களுக்கெல்லாம் ஒரே கிறுக்குத்தான். கட்டம் போட்ட சட்டை, நரைத்த தாடி, காலடியில் பெரிய நாய், எதிரே இரும்புக் கணப்பு. பத்திரிகைக்குப் பத்திரிகை இந்தப் படத்தைப் போட்டே மனுஷனைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தாடி சரியாக வளராது, மிட்சுயோவுக்கு நாய் ஆகாது. மிஞ்சியது கணப்பு. அதன் விலையை நான் சொல்லப் போவதில்லை. அவள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள், கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பாள். கணப்பு விலைக்குச் சமமாகப் புகைபோக்கிக்கும் கொடுத்தோம். அந்தக் கனத்தைத் தாங்காது என்று தரையைப் பெயர்த்துப் போட்டார்கள், புகைபோக்கி போக வேண்டும் என்று கூரையில் ஓட்டை போட்டார்கள். குளிர் உள்ளே வரக் கூடாது என்பதற்காகக் கூரையில் ஓட்டை போட்ட முதல் குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

"விறகுக்கு என்ன பண்றது?" என்று மிட்சுயோ அன்றைக்கே கேட்டாள்.

"இந்த ஊர்ல விறகுக்கு யாரும்மா காசு குடுக்கறாங்க? சும்மாவே குடுப்பாங்க" என்றான் கணப்பு விற்ற கடைக்காரன்.

"இந்த ஊர்ல சும்மா குடுத்தா சும்மா வாங்கிக்க முடியுமா?" என்றாள் அவள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வினையாகப் போயிற்று. பக்கத்து ஆப்பிள் தோப்புக்காரர் உசுதா, எங்கள் புகைபோக்கியைப் பார்த்த மறுநாளே தன் குட்டி லாரி நிறைய ஆப்பிள் கிளைகளைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். காசு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. சும்மா விட்டுவிட முடியுமா? பதில் மரியாதையாக நல்ல கடையின் இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைப் பார்த்து அவர் கூசிப்போய், அடுத்த வாரம் இன்னொரு லாரி விறகும் கூடவே மனைவி போட்ட கீரை ஊறுகாயும் கொண்டுவந்தார். இப்போது விறகுக்கு ஒரு மரியாதை, ஊறுகாய்க்கு ஒரு மரியாதை. நான் முலாம்பழம் வாங்கிப் போனேன். இங்கே முலாம்பழம் தங்க விலை, அது ஊருக்கே தெரியும் என்பதால் அவர் ஆடிப்போய், இரண்டு லாரி விறகை அளவாக அறுத்தே கொண்டுவந்துவிட்டார். அதற்கு நான் ஒரு பாட்டில் சாக்கே மது, அதற்கு அவர் மறுபடி விறகு. எங்கள் இருவரில் ஒருவர் கண்ணை மூடினால்தான் இது நிற்கும் என்று எனக்கே புரிந்துவிட்டது. அப்படி மூடினாலும், இறுதிச் சடங்கில் பணம் வைத்தவர்களுக்குச் செய்கிற பதில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

பச்சை விறகு உடனே எரியாதாம் மச்சான். இரண்டு கோடை காய வேண்டுமாம். இதைக் கடைக்காரன் பணம் வாங்கிய பிறகு சொன்னான். அதனால் பிளாஸ்டிக்கில் சுற்றி, கைப்பிடி வைத்து விற்கிற காய்ந்த விறகைக் கட்டுக் கட்டாகக் காரில் வைத்துக் கொண்டுவந்தேன். "இது விறகா, இல்ல கல்யாணச் சீரா?" என்றாள் உங்கள் அக்கா. இலவச விறகை வேடிக்கை பார்த்துக்கொண்டே காசு விறகை எரித்தோம். அந்தச் சூடும் நேராக உயரமான கூரைக்குப் போய்விட்டது. மேலே சிலந்திகள் சுகமாக இருந்தன. சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும்போது விரல் சிவந்து போனது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

விறகு காய வெயிலும் காற்றும் வேண்டும். எங்கள் வீட்டில் வெயில் படுவது தெற்குப் பக்கம் மட்டும்தான். அங்கே அடுக்கினேன். வாராவாரம் உசுதா கொண்டுவரக் கொண்டுவர அடுக்கு உயர்ந்து, கூடத்தின் பெரிய ஜன்னலை மறைத்து, துணி காயப்போடும் கம்பியையும் விழுங்கிவிட்டது. அடுக்கு என்னவோ கண்ணுக்கு அழகு. போகிற வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

"காலையில வெயில் சும்மா வந்துக்கிட்டு இருந்துச்சு. பதிலுக்கு ஒரு இனிப்புப் பெட்டிகூட கேக்கல. அதைப் போய் மறைச்சு வெச்சிருக்கீங்களே!" என்றாள் மிட்சுயோ.

"விறகு காயணும்ல?"

"விறகுக்கு வெயில், எனக்கு நிழல். அப்படித்தானே?"

அந்த வாரம் பார்த்து உசுதாவுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமே இல்லை. போன வருடம் வாங்கிய மண்ணெண்ணெய் ஹீட்டர் மூலையில் சும்மா கிடந்தது. கணப்பு இருக்கிற வீட்டில் அது எதற்கு? துடைத்து, காகிதம் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மிட்சுயோ பார்த்துக்கொண்டே நின்றாள். உங்கள் அக்கா அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? மறுநாள் காலை கையில் துணிப் பெட்டியோடு நின்றாள்.

"தெத்சுரோ வீட்டுல ஒரு பொத்தானை அமுக்கினா சூடு வருதாம். நான் போய் அமுக்கிட்டு வரேன்" என்றாள். இன்னும் அமுக்கி முடியவில்லை போலிருக்கிறது.

அவள் போன பிறகு உசுதா வீட்டுக்குப் போயிருந்தேன். மனுஷன் அடியில் சூடு வைத்து மேலே போர்வை போட்ட குட்டை மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் என் ஹீட்டர் எரிய, அதன் மேல் கெட்டில் கொதிக்க உட்கார்ந்திருந்தார். தோப்பு முழுக்க விறகு வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் எரிக்கிறீர்களே என்று கேட்டேன்.

"விறகா? அதுக்கெல்லாம் எங்களுக்கு ஏதுங்க வசதி? கிளை வெட்டினா எங்க கொண்டுபோய்த் தொலைக்கறதுன்னு வருஷா வருஷம் தலைவலி. நல்ல வேளை, நீங்க குடிவந்தீங்க!" என்றார். கூடவே, "ஹீட்டர் ரொம்ப நல்லா எரியுதுங்க. வாங்க, கையைக் காட்டுங்க" என்று உபசரித்தார். அவமானமாக இருந்தது. ஆனால் கையைக் காட்டினேன்.

ஆக, கணக்கைப் பாருங்கள். இந்தக் குளிர்காலத்தில் நம் வீட்டில் மண்ணெண்ணெய்க்கு ஒரு யென்கூடச் செலவில்லை. மிட்சுயோ அங்கே இருப்பதால் சாப்பாட்டுச் செலவும் பாதி. இனிப்பு, முலாம்பழம், சாக்கே எல்லாம் அக்கம்பக்கத்து உறவுக்காகச் செய்த செலவு, அதைச் சூட்டுக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. கூரை, தரை எல்லாம் வீட்டுப் பராமரிப்பு. விறகுக் கணப்பு செலவை மிச்சப்படுத்தும் என்பதை இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது? நீங்களும் தயங்காமல் ஒன்று வாங்குங்கள். ஒன்பதாவது மாடியில் ஓட்டை போட விடமாட்டார்கள்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

குளிர் இன்னும் கடுமையாகும் என்கிறார்கள். காது, கழுத்து மூடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம். அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
கணப்பருகே கதகதப்பாக அமர்ந்திருக்கும்
உங்கள் அத்தான்,
நெகிஷி ஹிதெயோ

பின்குறிப்பு: கணப்பு எரிந்து நான்கு நாளாகிறது. இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிந்து விறகு போட முடியவில்லை. இந்தக் கடிதத்தை உசுதா வீட்டில், என் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாளைக்கு அவர் லாரியோடு வந்து தெற்கு ஜன்னலை மறைக்கும் விறகு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறேன், பழைய தலைவலி தன்னோடு போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். அக்காவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். ஜன்னலில் பழையபடி வெயில் வரும். இவ்வளவு பெரிய உபகாரத்துக்குப் பதில் மரியாதை செய்யாமல் விட முடியாது. என்ன கொடுப்பதென்று எனக்குத் தோன்றவில்லை, இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி, அவளே கையோடு கொண்டுவரட்டும். எந்தப் பொருளாக இருந்தாலும் தபாலில் வந்தால் உடைந்துவிடும் என்று சொல்லுங்கள்.