பறவையின் நிரந்தர முகவரி

இருபத்திரண்டு வருஷமாக அவருடைய மேஜையைத் தாண்டி ஒரு மனுவும் இயக்குநர் அறைக்குள் போனதில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுப் பிரிவு எழுத்தர் அவர். யானைக்காக வந்த மனு, ஆமைக்காக வந்த மனு, அணிலுக்காக வந்த மனு எல்லாமே அவர் மேஜையில் முட்டி நின்று, வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'அணைக்கட்டு' என்று பெயர். மனுஷனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

மிருகங்கள் மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. வீட்டில் பல்லியைக்கூட விரட்ட மாட்டார், மனைவியைக் கூப்பிடுவார். மனுவில் குறை கண்டுபிடிப்பதில்தான் ருசி.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம். மழை நின்றதும் நீளக்கால் பறவைகள் கூட்டமாக வந்து, நடுவில் நிற்கும் மரத்தில் கூடு கட்டும். மாடியில் துணி உலர்த்தப் போகும் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். துணி காய்ந்த பிறகும் இறங்க மாட்டாள். இந்த வருஷம் லாரிகள் வந்து இடிந்த கட்டடத்து மண்ணைக் கொட்ட ஆரம்பித்தன. பாதி நிலம் மூடியாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் தடுக்காவிட்டால் மரமும் இல்லை, கூடும் இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, உங்க ஆபீஸ்ல இதைத் தடுக்க மாட்டாங்களா?"

"தாராளமா தடுப்பாங்க. மனு வரணும்."

"வந்தா?"

"நான் திருப்பி அனுப்பிடுவேன்."

"அதெப்படிங்க?" என்று கேட்டபடி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சோறும் பாராட்டும் சேர்ந்து கிடைத்தால் அவருக்கு வாய் நிற்காது.

"பக்கத்துக்கு எண் போடலைன்னா திருப்பிடுவேன். எண் இருந்தா, வரைபடம் எங்கேம்பேன்."

"வரைபடமும் இருந்தா?"

"கையெழுத்து எல்லாம் ஒரே நீல மையா? ஒரே ஆள் போட்டதுன்னு எழுதிடுவேன்."

"அடேயப்பா! பல கலர்ல போட்டிருந்தா?"

"பறவை எங்கேர்ந்து வருது? வெளிநாட்டுலேர்ந்து! அப்ப அதோட நிரந்தர முகவரி என்னன்னு கேப்பேன்!" சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். புரையேறியது. அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க மூளையே மூளைங்க."

அடுத்த வாரம் மனு வந்தது. கொடுத்தவர் தெருப் பெண்கள் குழுச் செயலாளர், அதாவது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. சதுப்பு நிலத்தை அரசே பறவைக் காப்பிடமாக அறிவிக்க வேண்டும். மண் கொட்டுகிறவர்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும். அணைக்கட்டு சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

பக்க எண் இருந்தது. வரைபடம் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள் ஐந்து வண்ணத்தில் இருந்தன. ஒரு அம்மாள் புருவம் தீட்டும் பென்சிலால் போட்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டினார். மூன்றாவது இணைப்பு: "மேற்படி பறவையின் நிரந்தர முகவரி: பெரிய மரம், வடக்குக் கிளை, மேலிருந்து இரண்டாவது கூடு."

இந்த ஜோக்கை அவர் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் சொல்லியிருந்தார்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பாய்ந்தார். "நீதானே இதை எழுதினே?"

"கொடுத்தது தையல்காரம்மாங்க."

"எழுதினது?"

"எழுத்து மட்டும் என்னோடது."

"மாட்டினியா! எழுத்தரோட சொந்தக்காரங்க எழுதின மனுவை எழுத்தர் ஏத்துக்கவே கூடாது. விதி இருக்கு! நாளைக்கு நானே கைப்பட எழுதிக் கொடுக்கறேன், இது என் பெண்டாட்டி எழுதினதுன்னு."

அவள் முகம் வாடியது. "அப்படியெல்லாம் செஞ்சுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"செய்வேன்!"

"கட்டின பெண்டாட்டிக்காகக் கூடவா?"

"கடமைன்னு வந்துட்டா பெண்டாட்டியாவது புருஷனாவது!"

மறுநாள் காலை ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி, கண்காணிப்பாளர் அம்மாவின் முன்னால் வைத்தார். அந்த அம்மா படித்தார். விதிப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வரியையும் வாசித்தார். இத்தனை வருஷத்தில் அந்த அடுத்த வரிக்கு யாருக்கும் வேலை வந்ததில்லை. அணைக்கட்டு அதைப் படித்ததுமில்லை.

"'...அவ்வாறு தம் உறவினர் எழுதிய மனு என்று எழுத்தரே எழுதிக் கொடுத்தால், மனுவை அவரிடமிருந்து விலக்கி அன்றைய தினமே நேரடியாக இயக்குநருக்கு அனுப்ப வேண்டும்.' ரொம்ப நேர்மையான ஆள் சார் நீங்க!"

மனு அவர் கண்ணெதிரே இயக்குநர் அறைக்குள் போனது. மதியத்துக்குள் லாரிகளை நிறுத்த உத்தரவு வந்தது. காப்பிடமாக அறிவிக்கும்படி அரசுக்குப் பரிந்துரையும் போனது. அலுவலகமே அவர் மேஜையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் மாடியில் இருந்தாள். லாரிச் சத்தம் இல்லை. மரம் முழுக்கக் கூச்சலும் சிறகடிப்புமாக இருந்தது. அவள் கண் கலங்கி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். தன் மேஜையால் ஒருத்தர் முகம் இப்படி மலர்ந்து அவர் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் படியிலேயே கரைந்துபோயிற்று. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"பாத்தியா? சட்டம் தெரிஞ்ச புருஷன் இருந்ததால உன் மனு தப்பிச்சுது" என்றார்.

"நிஜம்தாங்க. நானும் தையல்காரம்மாவும் அந்த விதியை நாலு தடவை படிச்சோம். பெண்டாட்டி எழுதின மனுன்னு நாங்க எழுதிக் கொடுத்தாச் செல்லாதாம், நீங்களே எழுதித் தரணுமாம்." அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க எங்க என்னைக் கண்டுபிடிக்காமப் போயிடுவீங்களோன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லைங்க."